எண்ணெய் பாய்லரோடு சோலார் வாட்டர் ஹீட்டர் இணைக்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

எங்களுடையது கிராமத்தில் தனி வீடு. குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்குவதும், ஆண்டு முழுவதும் குளிக்க வெந்நீர் தருவதும் ஒரே எண்ணெய் பாய்லர்தான். அதோடு சோலார் வாட்டர் ஹீட்டரை இணைக்கப் போய் நன்றாக ஏமாந்தேன்.

விற்க வந்தவர், "எண்ணெய்ச் செலவு பாதியாகிவிடும்" என்று அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சே பொய். குளிர் கடுமையான இடத்தில் எண்ணெயின் பெரும்பகுதி அறைகளைச் சூடாக்கவே போகிறது. வெந்நீருக்குச் செலவாவது சிறு பங்கு. சரியாகப் பொருத்திய சோலார் அந்தச் சிறு பங்கில்தான் ஏறத்தாழப் பாதியை ஏற்கும். உண்மையான மிச்சம் கோடையில் வருகிறது, பாய்லரை அடியோடு அணைத்துவைக்க முடிவதால். குளிக்கும் தண்ணீருக்காக மட்டும் அவ்வளவு பெரிய பாய்லரை நாளெல்லாம் சூடாக வைத்திருப்பது வீண் செலவு.

எங்கள் வீட்டிலோ கோடையிலும் பாய்லர் அணையவில்லை. கேட்டால், "பழகிக்கொள்ள ஒரு பருவம் ஆகும்" என்றார்கள். இயந்திரம் எதற்குப் பழக வேண்டும்? பாய்லரில் எண்ணெயை எரிக்கும் பர்னர் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரைக் காலையும் மாலையும் குறித்துவைத்தேன். வெயில் கொளுத்திய நாட்களிலும் விடியற்காலையில் அது ஓடியிருந்தது. வெந்நீரைச் சேமிக்கும் டேங்கின் உச்சியில் இருக்கும் குழாயைத் தொட்டேன், சூடு. அடியில் இருக்கும் வால்வைத் தொட்டேன், அதே சூடு.

கோளாறு அங்கேதான் இருந்தது. இப்படிப்பட்ட டேங்கில் தண்ணீரைச் சூடாக்கும் குழாய்ச் சுருள்கள் இரண்டு உண்டு. அடிச்சுருள் சூரியனுக்கு, மேல்சுருள் பாய்லருக்கு. வெந்நீர் மேலே நிற்கும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். அடியில் குளிர்ந்த நீர் இருந்தால்தான் கூரையில் வெயிலை வாங்கும் தகட்டின் வெப்பம் இறங்க இடம் கிடைக்கும். இவர்கள் இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டார்கள். விடிவதற்குள் டேங்க் முழுவதையும் பாய்லர் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்குப் பிறகு வரும் வெயிலுக்குப் பெரிதாக வேலை இல்லை.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, தகட்டுக்கும் டேங்குக்கும் இடையே திரவத்தைச் சுற்றவைக்கும் பம்ப் நின்றிருந்தது. ஆனாலும் கூரைக்குப் போகும் குழாய் கையைச் சுட்டது. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வைப் பொருத்தவே இல்லை. எண்ணெய் எரித்துச் சூடாக்கிய தண்ணீரின் வெப்பம், இரவெல்லாம் கூரை வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. இரண்டு நாட்கள் வெளியூர் போய்த் திரும்பியபோது டேங்க் 78 டிகிரியில் இருந்தது. தெரியாமல் மகள் குழாயைத் திறந்தாள். கை சிவந்து கொப்பளித்துவிட்டது. வெந்நீரோடு தண்ணீரைத் தானாகக் கலந்து அனுப்பும் கலப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டிய பொருள். அதையும் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது?

அடுத்த மாதம் மின்சாரம் போய்ப் பம்ப் நின்ற நண்பகலில், கூரையடியில் இருந்து சொட்டத் தொடங்கியது. ஓட்டமில்லாமல் நிற்கும் தகடு வெயிலில் 150 டிகிரிக்கும் மேல் போகும். அதன் வாயிலேயே பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தார்கள். தாமிரக் குழாய் போட வேண்டிய இடம் அது. உப்பிப்போன துண்டை வெட்டி எடுத்தபோது, உள்ளே இருந்த கிளைகோல் (குளிரில் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) கரும்பழுப்பாகக் கருகிய வாடையோடு வடிந்தது.

உத்தரவாதம் கேட்டபோது, "தகடுகளுக்கு மட்டும்தான், இணைப்பு வேலைக்கு இல்லை" என்று கையை விரித்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.

வேறொரு பிளம்பர் வந்து சுருள்களை மாற்றி இணைத்து, இரண்டு வால்வுகளையும் தாமிரக் குழாயையும் போட்டுக்கொடுத்தார். அதே தகடுகள், அதே டேங்க். இந்தக் கோடையில் பாய்லரை அணைத்தே வைத்திருக்கிறோம்.

நீங்கள் செய்வதானால், எந்தச் சுருளில் எது இணைகிறது என்று வரைபடம் கேட்டு வாங்குங்கள். இணைப்பு வேலைக்கும் உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். பாய்லரை அணைத்து, வெயிலில் மட்டும் டேங்க் சூடாவதைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்த நிறுவனத்துக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.