தள்ளுபடி ஒயினும் தங்கச்சிமடம் நண்டும்

சிங்கப்பூரில் நான் வாடிக்கையாகப் போகும் ஒயின் கடை அவ்வப்போது பழைய இருப்பைத் தள்ளிவிடும். பெரிய பெயர், பெரிய ஊர் போட்ட புட்டிகள் 30, 40 சதவீதம் குறைந்து வரும். ஊருக்குக் கிளம்பும்போது அதில் எதைத் தூக்கி வரலாம், எதை அங்கேயே விட்டுவிடலாம் என்று பார்ப்போம். எனக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். நண்டோடும் மீனோடும் ஒத்துப்போகாத ஒயினுக்கு நான் முழு மார்க் போடுவதில்லை.

முதலில் விலைக் கணக்கு, ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒயினுக்கு வரி, புட்டியின் விலையைப் பார்த்து இல்லை; உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்து. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 750 மில்லி, 13.5 சதவீதம் என்றால் ஒரு புட்டிக்கு 9 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. இப்போது 20 வெள்ளி ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரியும் போனால் ஒன்பதரை வெள்ளிதான் மிஞ்சும். கண்ணாடி, கார்க், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், எல்லாம் அதற்குள். திராட்சைக்கு என்ன மிச்சம்? 48 வெள்ளி புட்டியில் வரி போக 35 நிற்கிறது. அதனால் 20 வெள்ளிச் சரக்கில் 5 வெள்ளி குறைப்பதை விட, 70 வெள்ளிச் சரக்கு 48க்கு வருவதுதான் உண்மையான தள்ளுபடி.

ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. என்னோடு அறையில் இருக்கும் பட்டுக்கோட்டை அண்ணன் பிரான்ஸின் போர்தோ வட்டார ஒயின் என்றால் உயிரை விடுவார். 1855ல் தரம் பிரித்த பட்டியல் இருக்கிறதே, அதில் இடம்பெற்ற ஒரு தோட்டத்தின் இரண்டாம் ஒயின் (முதல் ஒயினுக்கு அடுத்த தரம்), 110 வெள்ளியிலிருந்து 70க்கு இறங்கியிருந்தது. ஆண்டு 2013. அந்த வருடம் போர்தோவில் வசந்தம் குளிரும் மழையுமாகப் போய், பூ சரியாகக் காய் பிடிக்கவில்லை. அறுவடை சமயத்தில் அழுகல் வேறு. குடித்துப் பார்த்தால் தண்ணீர் சேர்த்த ரசம்போல இருந்தது. அண்ணன் கடைசி வரை "போகப் போகத் திறக்கும்" என்றார். திறக்கவில்லை.

அதே கடையில் ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து வீன்யா அர்தான்சா ரிசர்வா 48க்கு எடுத்தேன். லா ரியோஹா ஆல்டா என்ற பழைய ஒயின் நிறுவனம், 1890ல் ஆரம்பித்தது. ரியோஹா சிவப்பில் ரிசர்வா என்று போடவே குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும், அதில் ஓராண்டு பீப்பாயில். இவர்கள் அமெரிக்க ஓக் பீப்பாயிலேயே 3 ஆண்டு வைக்கிறார்கள். புது ஆண்டுச் சரக்கு வந்து இறங்கியதும் கடையில் பழசின் விலையைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி ஒயின் கூடுதலாக இரண்டு வருடம் கிடந்தது நமக்கு லாபம். தேங்காய்ச் சில்லு, காய்ந்த செர்ரி, லேசாகப் புகையிலை வாசனை. அம்மா வைத்த ஆட்டுக்கறி சுக்காவோடு பிரமாதம். ஆனால் சித்தப்பா அடுத்த வாயில் நெத்திலி வறுவலை எடுத்துப் போட்டு முகத்தைச் சுளித்தார். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் அந்த உலோகக் கவிச்சி வரத்தான் செய்யும். மீன் சோற்றுக்கு இது வேண்டாம்.

நம் கரைக்கு ஏற்றது ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங், அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். டாக்டர் லோசன் தோட்டத்தின் ப்ளூ ஸ்லேட் கபினெட் என்ற லேசான ரகம் 38லிருந்து 27க்கு வந்திருந்தது. செங்குத்தான மலைச்சரிவு, ஸ்லேட் பாறை மண், குளிர்ந்த ஊர். எர்ன்ஸ்ட் லோசன் அந்தக் குடும்பத் தோட்டத்தைக் கையில் எடுத்தது 1988ல். நமக்குப் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததும் அதே வருடம்தான். ஆல்கஹால் எட்டரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே வரியும் ஐந்தரை வெள்ளி அளவில் நின்றுவிடுகிறது. கொஞ்சம் இனிப்பு, அதை மீறி நிற்கும் எலுமிச்சைப் புளிப்பு.

மத்தியானம் தம்பி படகிலிருந்து கொண்டுவந்த நண்டு. முண்டு மிளகாய் அரைத்துப் போட்ட மசாலா, கண்ணில் தண்ணீர் வருகிற காரம். ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் அந்த எரிச்சலைக் கிளப்பிவிடும். இதில் ஆல்கஹால் குறைவு, இருக்கிற இனிப்பு காரத்தை அமர்த்துகிறது. நண்டுச் சதையின் இனிப்பு தனியாகத் தெரிந்தது. தம்பிதான் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய், "என்னண்ணே, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது, போட்டுக்கு ஊத்துறதா?" என்றான். சரியான மூக்கு. சில வருடம் கிடந்த ரீஸ்லிங்கில் அந்த வாடை வரும், விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். இரண்டாவது கிளாஸை அவன் கேட்காமலே ஊற்றிக்கொண்டான்.

குளிர வைக்க ஃபிரிட்ஜை நம்பி உட்கார வேண்டாம். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் உடைத்த ஐஸும் தண்ணீரும் போட்டுப் புட்டியைக் கழுத்து வரை இறக்குங்கள், அரை மணி நேரம் போதும். லேபிளில் மீன் வாசம் ஏறும், பரவாயில்லை.

மூன்றாவது, பிரான்ஸின் சோத்தேர்ன் அரைப் புட்டி, 30 வெள்ளி. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின். நல்லதுதான், அம்மாவுக்கும் பிடித்தது, சர்ச் பூசையில் வைக்கும் திராட்சை ரசத்தை விட ருசி என்றார். எனக்கு ஒரு மடக்குக்கு மேல் திகட்டியது.

ஏன் அரைப் புட்டி? இந்திய சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை. முழுப் புட்டி இரண்டு, 375 மில்லி ஒன்று, மொத்தம் 1,875 மில்லி. மூன்று முழுப் புட்டி என்றால் வரம்பைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் வெளிக்கடையில் வாங்கிய புட்டியை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். கைலியில் சுற்றிப் பெட்டி நடுவில் வையுங்கள். மதுரையில் இறங்கியதும் காரின் டிக்கியில் போடாதீர்கள். ராமநாதபுரம் தாண்டி வருவதற்குள் அந்தச் சூட்டில் ஒயின் வெந்துவிடும், கார்க்கும் மேலே தள்ளும். ஏசி போட்டு, காலடியில் வைத்துக் கொண்டுவரலாம்.

சாங்கி விமான நிலையக் கடையில் சிங்கப்பூர் வரி கிடையாதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே விஸ்கிதான் ராஜா. நான் பார்த்த வரையில் இந்த ரகங்கள் கிடைக்கவில்லை.

கடை பற்றி ஒரு குறை. இணையத்தில் படத்தில் ஒரு ஆண்டு, வீட்டுக்கு வந்த ரியோஹா புட்டியில் வேறு ஆண்டு. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நான் கேட்டதால்தான். பணம் கட்டும் முன் ஆண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெலிவரி சுத்தம், ஒவ்வொரு புட்டிக்கும் தனி அட்டை உறை. ரியோஹாவுக்கு ஐந்துக்கு நாலு, ரீஸ்லிங்குக்கு நாலரை, கடைக்கு மூன்றரை. அடுத்த லீவுக்கு ரீஸ்லிங் இரண்டு என்று தம்பி இப்போதே சொல்லிவிட்டான்.