காவடிப் பதிவுக்கு எஸ்க்யூலைட்: டர்பனில் இரண்டு தைப்பூசங்கள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் நாங்கள் வழிபடும் முருகன் கோயிலுக்கு உறுப்பினர் பதிவேடும், தைப்பூசத்தன்று காவடி எடுப்போருக்கான பெயர்ப்பதிவும் கணினியில் வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டார்கள். ஏறத்தாழ எழுநூறு குடும்பங்கள், அவர்களின் ஆண்டுச் சந்தா, நேர்த்திக்கடன் விவரம், அன்னதானத்துக்கு வரும் நன்கொடை என்ற அளவில் அடங்கிவிடும் சிறிய வேலை அது. நிரலை எழுதி முடிக்க மூன்று வார இறுதிகள் போதுமானவையாக இருந்தன. தரவை எதில் வைப்பது என்ற கேள்விக்குச் சரியான விடையை எட்டத்தான் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழ்ப் பள்ளியின் மாணவர் பட்டியலையோ, சங்கத்தின் சந்தாக் கணக்கையோ, கடையின் சரக்கிருப்பையோ கணினிக்குக் கொண்டுவர முனைபவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், இப்போது நாங்கள் பயன்படுத்திவரும் எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது அலுவலகத்தில் எனக்குப் பழக்கமான சர்வர் வகைத் தரவுத்தளம் ஒன்றை, அதாவது பின்னணியில் தனியே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றின் வழியே தரவைத் தருவதை. கோயில் அலுவலகத்தின் பழைய மேசைக் கணினியில் அதை நிறுவினேன். இங்கே லோட் ஷெடிங் மிகக் கடுமையாக இருந்த 2023ஆம் ஆண்டு அது. நாளொன்றுக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மின்சாரம் இராது. தரவு ஒரு முறைகூட அழியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு சர்வர் தானாக எழுந்து நிற்பதற்கான அமைப்பை நான் சரியாகச் செய்யாமல் விட்டிருந்தேன். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. அதிகாலை அபிஷேகத்துக்கு வந்து கணினியைத் திறந்தால் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற செய்திதான் அவருக்குக் கிடைக்கும். "தம்பி, மறுபடியும் பூட்டிக்கிச்சு" என்று அவர் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், பராமரிக்க ஆள் தேவைப்படும் பொருளை ஆள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டேனே என்று வருந்தினேன். சிறிய வேலைக்குத் தரவுத்தளம் தேடுபவர், அதன் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், நாம் இல்லாத நாளில் அதை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்க வேண்டும் என்பதை அந்த ஆண்டில்தான் கற்றேன்.

எஸ்க்யூலைட்டுக்குச் சர்வரே கிடையாது. நம் நிரலுக்குள் சேர்ந்துகொள்ளும் சிறிய ஆயத்த நிரல்தொகுப்பு (நூலகம்) அது. தரவு முழுவதும் வட்டில் உள்ள ஒரே கோப்பில் இருக்கும். நிறுவவோ, தொடங்கவோ, நிறுத்தவோ எதுவும் இல்லை. அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் பணியாற்றிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹிப், தரவுத்தள சர்வர் நின்றுபோனால் தம் நிரலும் நின்றுபோகிறதே என்ற சிக்கலுக்குத் தீர்வாக 2000ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். கப்பலில் அவருக்கு இருந்த சிக்கலும் கோயிலில் எங்களுக்கு இருந்த சிக்கலும் ஒன்றே என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. நிரல் முழுவதும் பொதுவுடைமையாக விடப்பட்டுள்ளது. 2050 வரை பராமரிப்போம் என்று அதை உருவாக்குபவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தலைமுறைகளைக் கடந்து நிற்க வேண்டிய ஒரு கோயில் பதிவேட்டுக்கு இந்த வாக்கு சிறிய விஷயமன்று.

கொள்ளளவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 1860இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஒரு வரியாக, வரிக்கு ஐந்நூறு பைட் வீதம் எழுதினாலும், கோப்பு நூறு மெகாபைட்டைத் தொடாது.

மின்வெட்டைத் தாங்குமா என்பதுதான் எங்களுக்கு முதன்மையான கேள்வி. ஒரு பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கும்போது, கோப்பில் மாற்றப்படவிருக்கும் பக்கங்களின் பழைய வடிவத்தை எஸ்க்யூலைட் தனியொரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கும்போது அந்தக் குறிப்பைக் கண்டு பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடுகிறது. ஒரு நன்கொடை முழுதாகப் பதிவாகும், அல்லது பதிவாகவே ஆகாது, அரைகுறையாக நிற்காது. 2010இல் சேர்க்கப்பட்ட வால் (WAL) என்னும் முறை இதை மாற்றி அமைத்து, புதிய மாற்றங்களைத் தனிக் கோப்பில் முதலில் எழுதிப் பின்னர் முதன்மைக் கோப்பில் சேர்க்கிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தடையின்றிப் படிக்கலாம். இந்த முறையைப் பயன்படுத்துவோர் பலர் வேகத்துக்காக, எழுதியது வட்டில் பதிந்ததா என்று எந்த அளவுக்கு உறுதிசெய்துகொள்வது என்பதைத் தீர்மானிக்கும் சின்க்ரனஸ் அமைப்பை நார்மல் என்று குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மின்வெட்டின்போது கோப்பு கெடாது, ஆனால் கடைசியாக எழுதிய சில பதிவுகள் காணாமல் போகலாம். பணம் வாங்கி ரசீது கொடுக்கும் இடத்தில் அதை ஏற்க முடியாது. ஃபுல் என்றே வைத்திருக்கிறேன்.

முதல் தைப்பூசத்தில் எனக்கு நேர்ந்த தவறையும் சொல்ல வேண்டும். காவடிப் பதிவுக்கு நான்கு மேசைகள், நான்கு மடிக்கணினிகள். கோப்பை ஒரு கணினியின் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, மற்ற மூன்றும் வலையமைப்பு வழியே அதைத் திறக்கும்படி செய்திருந்தேன். காலை எட்டு மணிக்குள் வரிசை வாசலைத் தாண்டி நீண்டுவிட்டது. திரையில் "தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது" என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. பால்குடம் சுமந்து நின்ற முதியவர்களைக் காக்க வைக்க மனமில்லாமல் காகித நோட்டுக்கு மாறினோம். எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே எழுத அனுமதிக்கும். வலையமைப்புக் கோப்புறைகளில் பூட்டுகள் நம்பகமாக இயங்குவதில்லை. வால் முறை அங்கே அறவே இயங்காது. இதை உருவாக்கியவர்களின் கையேடு தெளிவாகவே எச்சரிக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரே மடிக்கணினியில் கோப்பையும் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிய சிறிய வலைச் செயலியையும் வைத்து, மற்ற மூன்று மேசைகளும் உலாவி வழியே அதை அணுகும்படி மாற்றினேன். பூட்டு இருந்தால் ஐந்து நொடி வரை காத்திருக்கும்படியும் அமைத்தேன். ஒரு பதிவை எழுத மில்லி நொடிகளே ஆகின்றன என்பதால் அன்று முழுவதும் யாரும் காத்திருக்க நேரவில்லை.

இதன் இயல்பான அமைப்புகளில் எனக்கு உடன்பாடில்லாதவை இரண்டு. ஓர் அட்டவணையின் பதிவு இன்னோர் அட்டவணையில் உள்ள பதிவையே சுட்ட வேண்டும் என்னும் அயல்திறவுகோல் கட்டுப்பாடு, ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். இல்லையென்றால் நீக்கப்பட்ட குடும்பத்தின் பெயரில் சந்தாக்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்தது தரவு வகை. கைப்பேசி எண்ணுக்கான நெடுவரிசையை, எழுத்துத்தொடர் என்ற பொருளில் ஸ்ட்ரிங் என்று அறிவித்தேன். எஸ்க்யூலைட் அச்சொல்லை எண் வகையாக எடுத்துக்கொள்கிறது; இந்நாட்டின் கைப்பேசி எண்கள் சுழியத்தில் தொடங்குபவை, அத்தனை சுழியங்களும் உதிர்ந்துவிட்டன. டெக்ஸ்ட் என்று அறிவித்திருக்க வேண்டும். 2021 முதல் கிடைக்கும் ஸ்ட்ரிக்ட் அட்டவணைகள் இத்தகைய அறிவிப்பை ஏற்காமல் உடனே பிழை காட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லா அட்டவணைகளையும் அவ்வாறே உருவாக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

தமிழைப் பொறுத்தவரை இன்னும் கூடுதலான கவனம் தேவை. எங்கள் பதிவேட்டில் கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இங்கே ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்ட குடும்பப் பெயர்களோடு, அர்ச்சனைக்காகத் தமிழில் எழுதிய பெயரும் உண்டு. பூசகர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். எஸ்க்யூலைட் எழுத்துகளை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் தரத்தின் எண் வரிசையில் அடுக்குகிறது. அது நம் அகரவரிசை அன்று. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், கண்ணம்மாவுக்கு முன்னே கண்ணன் வந்துவிடுகிறார். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால், முத்தையாவுக்கு முன்னே முதலியார் வருகிறார். அகராதி பார்த்துப் பழகிய அக்கா முதல் நாளே இதைச் சுட்டிக்காட்டினார். தமிழ் வரிசையை அறிந்த ஒரு ஒப்பீட்டுச் செயற்கூறைப் பைத்தானில் முப்பது வரிகளில் எழுதி, தரவுத்தளத்தில் பதிவு செய்ததும் வரிசை சீரானது.

தேடலில் கண்ட பிழை இதைவிட ஆழமானது. எஃப்டிஎஸ்5 என்னும் முழு உரைத் தேடல் வசதி, சொற்களைப் பிரிக்கும்போது எழுத்து, எண் ஆகிய வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாகக் கருதுகிறது. நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் வேறு வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவை இடைவெளியாகவே கொள்ளப்படுகின்றன. சுதா என்ற பெயர் சகரம், தகரம் என்ற இரண்டு துண்டுகளாகிவிடுகிறது, சீதாவும் அப்படியே. சுதாவைத் தேடினால் சீதாவும் வந்து நிற்பதைக் கண்டு என் நிரலில்தான் பிழை என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். அட்டவணையை உருவாக்கும்போதே அவற்றுக்கான எம்என் (Mn), எம்சி (Mc) என்ற இரு வகைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் இது முற்றிலும் தீர்ந்துவிடும். ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக் குறியீடாகவும் சில எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதுவதுண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர்கள் தரவுத்தளத்துக்கு வெவ்வேறாகிவிடும். சேமிக்கும் முன் எல்லாவற்றையும், இத்தகைய இரட்டைக் குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிவிடுவது நல்லது. உலகெங்கும் கைப்பேசிகளுக்குள் இருக்கும் ஒரு தரவுத்தளம், கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியை இயல்பாகவே சரியாகப் பிரிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

எஸ்க்யூலைட்டில் பயனர் கணக்குகளோ கடவுச்சொல்லோ இல்லை. கோப்பு கையில் இருப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் இங்கே நடைமுறைப்படுத்தப்படுகிறது. உறுப்பினர்களின் முகவரியை வைத்திருக்கும் கோயிலும் அதற்குக் கட்டுப்பட்டதே. மடிக்கணினியின் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து வைத்திருக்கிறோம்.

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள கோயில்கள் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றாலோ, பொருளாளருக்கு ஓர் உரிமையும் தொண்டர்களுக்கு வேறோர் உரிமையும் வேண்டும் என்றாலோ, நான் சர்வர் வகைத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லையே (PostgreSQL) நாடுவேன். அதில் தமிழ் அகரவரிசை, பல மொழிகளின் வரிசைகளை அறிந்த ஐசியூ (ICU) நூலகத்தின் வழியாக ஆயத்தமாகவே கிடைக்கிறது. கேப் டவுனிலும் ஜோஹன்னஸ்பர்கிலும் மேகக்கணி மையங்கள் இருப்பதால் தொலைவும் இப்போது தடையன்று. ஆனால் மாதந்தோறும் பணம் கட்டவும், பதிப்புகளைப் புதுப்பிக்கவும் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

காப்புப்படி எடுப்பதில் மட்டும் அவசரம் கூடாது. வால் முறையில் இருக்கும் கோப்பைச் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது வெறுமனே நகலெடுத்தால், அன்றைய பதிவுகள் துணைக் கோப்பிலேயே தங்கிவிடக்கூடும். எங்களிடம் அப்படி எடுத்த இரண்டு நகல்களில் மாலை நேர நன்கொடைகள் இல்லை. இப்போது அக்கா ஒரு பொத்தானை அழுத்தினால் வேக்யூம் இன்டு என்னும் கட்டளை முழுமையான புதிய நகல் ஒன்றை அன்றைய தேதியோடு பென் டிரைவில் எழுதுகிறது. மாதக் கார்த்திகை தோறும் அவற்றில் ஒன்றை என் வீட்டுக் கணினியில் திறந்து, பிழைச் சோதனையை ஓட்டி, ரசீதுப் புத்தகத்தின் கடைசி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.