ரைசோபியம்: பவுடர் பாக்கெட்டா, திரவ பாட்டிலா?

நுண்ணுயிர் உரங்களில் ரைசோபியத்துக்கு மட்டும் ஒரு தனி நேர்மை உண்டு. வேலை செய்ததா இல்லையா என்பதைச் செடியைத் தோண்டிக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பயறு வகைகளின் வேரில் முடிச்சு கட்டிக் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தரும் பாக்டீரியா இது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. நோபே, ஹில்ட்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவர் 1896-இலேயே காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கிய பழைய சரக்கு. அடிப்படையில் நம்பகமானதுதான். ஏமாற்றம் வருவதெல்லாம் பெரும்பாலும் தவறான இனம், செத்துப்போன பாக்கெட், அவசர விதைநேர்த்தி (விதைக்கும் முன் விதையில் பூசுவது) ஆகிய மூன்றால்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது பயிரின் பெயர். சோயாவுக்கு பிராடிரைசோபியம் ஜப்போனிகம், கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், பட்டாணிக்கு ரைசோபியம் லெகுமினோசாரம். நிலக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து நான்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, ஒரே வகை பாக்டீரியாவை ஏற்கும். வேரிலிருந்து கசியும் வேதிப்பொருளை அடையாளம் கண்டுதான் பாக்டீரியா பதில் சமிக்ஞை அனுப்புகிறது. ஆள் மாறினால் வேர் கதவைத் திறக்காது. ஆகவே இனத்தின் பெயரோ பயிரின் பெயரோ இல்லாமல் ‘எல்லாப் பயறுக்கும்’ என்று பொதுவாக அச்சிட்ட பாக்கெட்டைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கிராமுக்கு 10 கோடி உயிர்ச்செல்கள் உள்ள 200 கிராம் பவுடரில் மொத்தம் 2,000 கோடி செல்கள் இருக்கும். அதைப் பூசும் 10 கிலோ சோயாவில் ஏறக்குறைய 66,000 விதைகள். அப்படியானால் விதைக்கு 3 லட்சம் செல்கள். பெரிய விதைக்கு 1 லட்சமாவது வேண்டும் என்பதால் இது தாராளம். அதே பாக்கெட் வெயில் விழும் அலமாரியில் கிடந்து கிராமுக்கு 1 கோடியாகச் சரிந்திருந்தால் விதைக்கு 30,000தான் மிஞ்சும். பாக்கெட்டைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறம் அதே, வாசனை அதே. அதனால் காலாவதி தேதியைப் போலவே கடையில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பவுடர் கட்டியாகவோ உலர்ந்து தூசியாகவோ இல்லாமல், விரலில் லேசாக ஈரம் தட்ட வேண்டும்.

பவுடருக்கும் திரவத்துக்கும் நடுவே எங்கள் தேர்வு பயிரைப் பொறுத்தது. பவுடர் விதையோடு ஒட்டியிருந்து செல்களை உலராமல் காக்கும். ஆனால் சரியாக ஒட்டவில்லையென்றால் விதைக்கும்போதே உதிர்ந்துவிடும். திரவம் சீராகப் பரவும், கலக்கும் வேலையும் குறைவு. நிலக்கடலைக்குத் திரவமே மேல். அதன் தோல் மிக மெல்லியது. கஞ்சியோடு பவுடரைப் போட்டு அழுத்திப் புரட்டினால் உரிந்து முளைப்பு கெடும்.

பவுடர்தான் என்றால், 10 கிலோ விதைக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆறிய கஞ்சியோ 10 சதவீத சர்க்கரைக் கரைசலோ போதும். விதை நனைய வேண்டும், ஊறக் கூடாது. ஊறினால் சோயாத் தோல் சுருங்கிவிடும். பவுடரைத் தூவி, எல்லா விதையிலும் கறுப்பாக ஒரு பூச்சு ஏறும்வரை மெதுவாகப் புரட்டுங்கள். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே ஈர மண்ணில் விதைத்துவிட வேண்டும். மறுநாளைக்கு என்று வைத்தால் செல்கள் மணிக்கு மணி சாகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை இரவு முழுதும் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள். விதையில் பூஞ்சைக்கொல்லி ஏற்கெனவே பூசியிருந்தால், குறிப்பாகச் செம்பு கலந்ததாக இருந்தால், பாக்கெட்டுக்குச் செலவழித்தது வீணாகலாம்.

சோதித்துப் பார்க்க, கொஞ்சம் விதையை நேர்த்தி செய்யாமல் தனி வரிசையில் போடுங்கள். அதை முதலில் விதைக்க வேண்டும். பவுடர் பட்ட கையால் தொட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, நீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஆணிவேரின் மேற்பகுதியில் கொத்தாகத் தடித்த முடிச்சுகள் இருந்தால் அவை பெரும்பாலும் விதையோடு போனவை. பக்கவேர்களில் ஆங்காங்கே சிதறிய சிறு முடிச்சுகள் மண்ணில் முன்பே இருந்த பாக்டீரியாவுடையவை. சோயாவுக்குச் செடிக்கு 8 முதல் 20 நல்ல முடிச்சுகள் போதும்.

ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, அறுத்த இறைச்சித்துண்டு போல இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான நிறமிதான் அது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெடும். அந்த நிறமி ஆக்சிஜனைக் கட்டிவைத்து அளவோடு தருகிறது. வெள்ளையாக இருந்தால் இளசு, அல்லது பயனற்ற இனம். பச்சையோ பழுப்போ என்றால் முதுமை.

முடிச்சே இல்லையென்றால் உடனே பாக்கெட்டைக் குறை சொல்லிவிட வேண்டாம். விதைப்போடு யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால், செடி முடிச்சு கட்டவே மெனக்கெடாது. அமில மண்ணிலும் நீர் தேங்கிய வயலிலும் இதே நிலைதான். அதேபோல, போன பருவத்திலும் இதே பயறு நன்றாக முடிச்சு கட்டிய வயலாக இருந்தால் இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியாமலே போகலாம்; அங்கே மண்ணிலுள்ள கூட்டமே போதும், வாங்கத் தேவையில்லை. அந்தப் பயறை முதன்முறையாகப் போடும் நிலத்துக்குத்தான் இதைக் கட்டாயம் வாங்கச் சொல்வோம்.