மலைத்தோட்டக்காரருக்கு யூடியூப் தேடல்: கீழ்மலையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. நிழல் மரங்களில் மிளகுக்கொடி, ஊடே மலை வாழை. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கிய காலத்திலிருந்து தோட்ட வேலைக்காக யூடியூபில் தேடிப் பார்த்து வருகிறேன். பாட்டு, படம், செய்தி பார்ப்பது பற்றி இங்கே எழுதவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தால், அதைப் பற்றிய நல்ல வீடியோவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும்தான்.

எங்கள் பயிர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவை எல்லாமே சமையலறைப் பொருட்கள். ‘காபி’ என்று மட்டும் போட்டால் டிகிரி காபி போடும் முறை வரும். ‘மிளகு’ என்றால் ரசமும் சளி மருந்தும். ‘மலை வாழை’ என்றால் பழனி பஞ்சாமிர்தம். ஊர் தெரியட்டும் என்று ‘கொடைக்கானல்’ சேர்த்தால் ஏரிப் படகும் பைன் காடும். தேடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அதுதான், அதனால் அது முன்னால் வருகிறது. நமக்கு வேண்டியதை நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு எனக்குப் பெரிதும் உதவியது, பயிரோடு வேலையையும் சேர்த்துத் தேடுவது. ‘காபி கவாத்து’ (கிளை வெட்டிச் சீராக்குவது), ‘நிழல் மரம் கிளை கழித்தல்’, ‘மிளகு வாடல் நோய்’, ‘வாழை முடிக்கொத்து நோய்’ என்று கேட்டால் சமையல் வீடியோக்கள் பெரும்பாலும் விலகிவிடும். மிச்சம் இருப்பவற்றைக் கழித்தல் குறி போட்டு நீக்கலாம்: ‘-சுற்றுலா’, ‘-ரெசிபி’. குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. கொடைக்கானலுக்குப் பதிலாகப் பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் என்று சிற்றூர்ப் பெயரைப் போடுவது இன்னும் நல்லது.

காபித் தண்டு துளைப்பான் விஷயத்தில்தான் தேடலின் அருமை எனக்குப் புரிந்தது. அராபிக்கா வகைக் காபிச் செடிக்கு இந்தப் பூச்சியைவிடப் பெரிய எதிரி கிடையாது. வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும், புழு உள்ளே போய் மாதக்கணக்கில் கட்டையைக் குடையும். வெளியே தண்டில் வரிவரியாகப் புடைப்பு தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். தமிழில் தேடினால் இதைப் பற்றிச் சில வீடியோக்கள்தான் கிடைக்கின்றன. காபி அதிகம் விளைவது குடகிலும் சிக்கமகளூரிலும் வயநாட்டிலும், ஆகவே நல்ல பதிவுகள் கன்னடத்திலும் மலையாளத்திலும் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க ஒரே வழி, பூச்சியின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் போடுவது: சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ் (Xylotrechus quadripes). எந்த மொழிக்காரர் பேசினாலும் அந்தப் பெயர் தலைப்பிலோ விளக்கக் குறிப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

அத்துடன் ஃபில்டரில் 20 நிமிடத்துக்கு மேல் என்பதைத் தேர்ந்தெடுப்பேன். பயிற்சி வகுப்புகளும் விஞ்ஞானிகளின் உரைகளும் பெரும்பாலும் அந்த நீளத்தில் இருக்கும். இரண்டு நிமிட வீடியோ ‘மருந்து அடியுங்கள்’ என்பதோடு நின்றுவிடும். நீண்ட உரையில்தான் வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் என்பதும், அதற்கு முன்பே புடைப்பு விழுந்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பதும், நிழல் குறைந்து வெயில் விழும் இடத்தில் தாக்குதல் கூடும் என்பதும் காரணத்தோடு கிடைக்கும்.

சில வேலைகளை எழுத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே மேல். வண்டு முட்டையிட வெடிப்பு கிடைக்காதபடி தண்டின் உதிரிப் பட்டையைத் தேய்த்து எடுப்பது அப்படி ஒன்று. கத்தி கூடாது, தேங்காய் மட்டையோ கயிற்று நார்க் கையுறையோ போதும், பச்சைப் பட்டை காயப்படக் கூடாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஒருவர் தேய்த்துக் காட்டினால்தான் புரியும். மிளகுக்கொடியின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரிப்பதும் அதே மாதிரி. ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் கரைத்துக் கலப்பதும், பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுத்துச் செம்பு படிகிறதா என்று பார்ப்பதும், படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பதும் திரையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஆனால் செய்முறையை எடுத்துக்கொள்ளலாம், நாள்கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்வேன். குடகுக்காரர் தென்மேற்குப் பருவமழையை வைத்துப் பேசுவார். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. அவர் ‘மழைக்கு முன்னால்’ என்று சொன்னால் அது மே மாதம், நமக்கு அது வேறு மாதம். எந்த வீடியோவைப் பார்த்தாலும் அது எந்த ஊர், அங்கே எப்போது மழை என்பதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

பதிவேற்றிய தேதியையும் பார்க்க வேண்டும். தண்டு துளைப்பானுக்கு ஒரு காலத்தில் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைப் பூசச் சொன்னார்கள். இந்தியாவில் அதன் பயன்பாடு 2013இல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய வீடியோவில் அந்தப் பெயர் வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். தேடல் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர்’, முக்காற்புள்ளி, ஆண்டு என்று இடைவெளி விடாமல் சேர்த்து (after:2020 போல) அடித்தால் அதற்குப் பிந்தையவை வரும். மருந்தின் பெயர், அளவு எதுவானாலும் தாண்டிக்குடியில் இருக்கும் காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்திலோ தடியன்குடிசையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்வது என் வழக்கம்.

முகப்புப் பக்கப் பரிந்துரைகளுக்காக ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பது அதில் கலக்காது. காபி, மிளகு, வாழை என்றே பார்த்துவருவதால் பரிந்துரையும் அதே திசையில் வருகிறது. அவசரத்துக்கு வேறெதாவது பார்ப்பதென்றால் மறைநிலையில் பார்ப்பேன்.

அக்கம்பக்கத்தாருக்கு உதவியதில் மிகவும் பயன்பட்டது குரல் தேடல். கூகுள் 2017இல் தமிழையும் குரல் உள்ளீட்டில் சேர்த்தது. எங்கள் பெரியப்பா ஒருவருக்கு எழுத்துக் கூட்டி அடிப்பது சிரமம். “தம்பி, நான் பேசினா இதுக்குப் புரியுமா?” என்றார். “தோட்டத்துல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க பெரியப்பா” என்று மைக்கைத் தொட்டுக் கொடுத்தேன். “மிளகுக்கொடி திடீர்னு வாடுது” என்றார். சரியான வீடியோக்கள் வரிசையாக வந்தன. இப்போது அவரே தேடிக்கொள்கிறார்.

பார்த்ததில் நல்லவற்றைக் கவாத்து, பூச்சி, நோய், பழம் உலர்த்துதல் என்று பொருள்வாரியாகப் பிளேலிஸ்ட் ஆக்கி, ‘பட்டியலிடப்படாதது’ என்று வைத்து வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்புகிறேன். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கலாம். சிக்னல் இல்லாத சரிவில் வேலை என்றால் முந்தின இரவே ஆப்பில் இறக்கி வைத்துக்கொள்கிறோம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வாழைக்கும் மிளகுக்கும் தமிழில் ஓரளவு கிடைக்கிறது. எங்கள் கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைக் காபிக்குத் தமிழில் கிடைப்பது மிகக் குறைவு. நம் தோட்டங்களிலேயே நாற்பது வருஷம் கவாத்து பண்ணின கைகள் இருக்கின்றன. செல்போனில் அதைப் பிடிக்கிறவர்கள் தலைப்பில் பயிர், வேலை, ஊர், மாதம் நான்கையும் எழுதுங்கள். விளக்கக் குறிப்பில் 0:00இல் தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிகளை, ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையாமல், வரிசையாகக் கொடுத்தால் வீடியோ அத்தியாயமாகப் பிரியும். அடுத்த மலையில் இருப்பவர் பட்டை தேய்க்கும் இடத்துக்கு நேராகப் போய்ப் பார்த்துக்கொள்வார்.