பேர்கேட்டா, ரேஸபவுட்டா: எந்தக் கார் கெட்டி?

1911 மே 30. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் முதல் 500 மைல் பந்தயம். பதினொன்றாவதாக வந்தது ஸ்டட்ஸ், பின்னால் பேர்கேட்டைத் தந்த கம்பெனியின் கார். அதற்கு அடுத்த இடத்தில் மெர்சர், ரேஸபவுட்டைச் செய்த கம்பெனியின் கார். மறு வருடம் மெர்சர் மூன்றாவது, ஸ்டட்ஸ் நான்காவது. 1913-இல் மெர்சர் இரண்டாவது, ஸ்டட்ஸ் மூன்றாவது. கடைசிச் சுற்றில் தீப்பிடித்த ஸ்டட்ஸை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தவர் சார்லி மெர்ஸ். இப்படி மூன்று வருடமும் இரண்டு கார்களும் அடுத்தடுத்த இடத்தில்தான் நின்றன. ஆக, இந்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது விளம்பரமல்ல, பந்தயத் தடம்தான்.

அந்தக் காலத்து ஸ்பீட்ஸ்டர் என்றால் கதவு கிடையாது, கூரை கிடையாது. இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் டாங்க், ஓட்டுபவர் முகத்துக்கு நேரே வட்டமாக ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இந்த வகையில் அமெரிக்கா தந்த இரண்டு பெரிய பெயர்கள் ஸ்டட்ஸ் பேர்கேட், மெர்சர் ரேஸபவுட்.

பிறந்த வீடுகளே வேறு வேறு. ஹாரி ஸ்டட்ஸ் இண்டியானாபோலிஸ்காரர். ஐந்தே வாரத்தில் முதல் காரைக் கட்டி நேராக அந்த 1911 பந்தயத்துக்கு அனுப்பிவிட்டார். கில் ஆண்டர்சன் ஓட்டிய அந்தக் கார் 500 மைலையும் ஓடி முடித்தது. ‘ஒரே நாளில் பேர் வாங்கிய கார்’ என்று அதையே விளம்பர வாசகமாக்கினார்கள். மறு வருடம் பேர்கேட் விற்பனைக்கு வந்தது. மெர்சரோ பணக்கார வீட்டுப் பிள்ளை. நியூ ஜெர்சியின் ட்ரென்டனில், புரூக்ளின் பாலத்தால் பெயர் பெற்ற ரோப்ளிங் குடும்பத்தின் பணத்தில் வளர்ந்த கம்பெனி. ரேஸபவுட்டை வடிவமைத்தவர் ஃபின்லி ராபர்ட்சன் போர்ட்டர்.

இப்போது இரண்டின் உள்ளேயும் பார்ப்போம். என்ஜின் இரண்டிலும் நான்கு சிலிண்டர், ‘டி-ஹெட்’ வகை. அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் ஒரு பக்கம், புகை வெளியேறும் வால்வுகள் மறுபக்கம். பேர்கேட்டில் இருந்தது விஸ்கான்சின் கம்பெனியின் என்ஜின்: 390 கன அங்குலம், நம் கணக்கில் 6.4 லிட்டர், 60 குதிரைத்திறன். மெர்சருக்கு 300 கன அங்குலம்தான், சுமார் 4.9 லிட்டர். ஆனாலும் குதிரைத்திறன் 55-ஐத் தாண்டும். சின்ன என்ஜினிலிருந்து அவ்வளவு வேலை வாங்கியதுதான் போர்ட்டரின் கைவண்ணம். மணிக்கு 70 மைல் போகும் என்று கம்பெனியே உறுதி கொடுத்து விற்றது. மட்கார்டையும் விளக்கையும் கழற்றினால் அப்படியே பந்தயத்தில் இறக்கலாம்.

மெர்சரில் உட்கார்ந்து பாருங்கள். இருக்கை தாழ்வாக இருக்கும். ஸ்டியரிங் கம்பி கிட்டத்தட்டப் படுத்த மாதிரி மடிக்கு மேல் நீண்டு வரும். ஆக்சிலரேட்டர் பெடலோ காரின் உடலுக்கு வெளியே, வலப்பக்கம். வலது கால் எப்போதும் காற்றிலும் புழுதியிலும்தான். ஆனால் கிளட்ச் எண்ணெயில் ஊறிய பல தகடுகளால் ஆனது, அதனால் பிடிப்பு மிருதுவாக இருக்கும். 1913 முதல் நான்கு கியர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 108 அங்குலம்தான், வளைவில் சட்டென்று திரும்பும்.

பேர்கேட்டுக்கு அது 120 அங்குலம். கனமான, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற கார். கிளட்சை மிதிக்கக் காலில் பலம் வேண்டும். மூன்று கியர்தான். கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்து வைத்தது ஹாரி ஸ்டட்ஸின் யோசனை. என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் என்று எடை பிரிந்தது நல்லதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை பின்னால் கூடுவதால் மேடு பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளும். பிரேக்கில் யாருக்கும் மார்க் இல்லை, இரண்டிலுமே முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது.

விலை என்று வந்தால் பேர்கேட்தான் மலிவு. சுமார் 2,000 டாலர். மெர்சருக்கு இன்னும் சில நூறு டாலர் கூட வேண்டும். சாதாரண ஃபோர்டு மாடல் டி அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்த காலம் அது.

உழைப்பு விஷயத்திலும் பேர்கேட்டைத்தான் சொல்ல வேண்டும். 1915-இல் ‘கேனன்பால்’ பேக்கர் அதில் சான் டியாகோவிலிருந்து நியூயார்க் வரை 11 நாள், 7 மணி, 15 நிமிடத்தில் போனார். நெடுஞ்சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத நாட்டில், மண்ணிலும் சேற்றிலும் அப்படி ஓடியது பெரிய விஷயம். மெர்சர் பக்கத்துக்கு 1914 இருக்கிறது. சான்டா மோனிகாவில் எடி புல்லன் மெர்சரில் அமெரிக்கன் கிராண்ட் பிரைஸை வென்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கக் கார் அது. இரண்டு கட்சி ரசிகர்களும் அப்போது விடவில்லை. ‘ஸ்டட்ஸை ஓட்ட நட்ஸாக (பைத்தியமாக) இருக்க வேண்டும்’ என்று மெர்சர் பக்கம், ‘மெர்சரை விட மோசம் எதுவும் இல்லை’ என்று ஸ்டட்ஸ் பக்கம்.

இரண்டு கம்பெனிகளுக்கும் பின்னால் நல்ல காலம் இல்லை. மெர்சரின் உயிரோட்டமாக இருந்த இளைய வாஷிங்டன் ரோப்ளிங் 1912-இல் டைட்டானிக்கோடு போனார். போர்ட்டர் 1914-இல் விலகினார். அதன் பின் வந்த மாடல் வேகத்தில் குறைந்ததல்ல, ஆனால் அந்தத் திறந்த, எலும்பும் நரம்புமான வடிவம் போய்விட்டது. 1925-ஓடு மெர்சர் நின்றது. ஸ்டட்ஸில் ஹாரி 1919-இல் வெளியேற, பங்குச் சந்தைக்காரர் ஆலன் ரயன் கம்பெனியின் பங்குகளை வளைத்துப் பிடித்ததில் ஒரு பங்கின் விலை 391 டாலர் வரை ஏறி, 1920 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தை அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்தியது. இரண்டு வருடத்தில் ரயன் திவால். ஆனாலும் கம்பெனி பிழைத்தது, பேர்கேட் என்ற பெயரும் 1930-கள் வரை வந்தது. இன்று பத்துப் பேரைக் கேட்டால் பேர்கேட் பெயர்தான் முதலில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, என் ஓட்டு யாருக்கு? கண்டத்தைக் குறுக்கே கடக்கச் சொன்னால் யோசிக்காமல் பேர்கேட். காலையில் ஆளில்லாத வளைவுச் சாலை ஒன்றும் ஒரு டாங்க் பெட்ரோலும் கொடுத்தால் மெர்சர். 90 கன அங்குலம் குறைவான என்ஜினை வைத்துக்கொண்டு 1912-லும் 1913-லும் ஸ்டட்ஸுக்கு ஒரு இடம் முன்னால் வந்து நின்றதே, அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.