‘வழங்க இயலாது’ என்று ஆர்டிஐ பதில் வந்ததா? முதல் மேல்முறையீடு போட்டுப் பார்த்த அனுபவம்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடித்த பிறகு வந்த முதல் பெருமழையிலேயே தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. சரி, எந்த அளவில் கட்டியதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு அனுப்பினேன். கேட்டது எஸ்டிமேட், எம்-புக் என்று சொல்கிற அளவுப் புத்தகம், இறுதி பில் ஆகிய மூன்றின் நகல்தான். 29ஆம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதாவது மனுவுக்குப் பதில் தந்த தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ளவருக்கு, பிரிவு 19(1)-இன் கீழ் எழுதலாம். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் கிடையாது. எனக்கு ஆனது தபால் செலவு மட்டும். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக் கெடு, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற விவரம் மூன்றையும் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்று பிரிவு 7(8) சொல்கிறது. எனக்கு வந்ததில் மேல்முறையீட்டு அலுவலரின் பதவிப் பெயர்கூட இல்லை. நேரில் போய், சுவரில் இருந்த பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். வேலைக்கு லீவு போட முடியாதவர் என்ன செய்வார்? அதையும் என் மேல்முறையீட்டில் முதல் பத்தியாகவே எழுதினேன்.

மனுவை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஊழல், அராஜகம் என்றெல்லாம் கோபத்தைக் கொட்டினால் அவர்களுக்குத்தான் வசதி, அதனால் ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். பொதுப் பணத்தில் கட்டிய வடிகாலின் நீள அகல ஆழம் எப்படி ஒருவரின் தனிப்பட்ட தகவலாகும் என்று கேட்டேன். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி தகவல் அலுவலருடையது, என்னுடையது அல்ல என்று நினைவுபடுத்தினேன். அப்புறம், ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண், பான் எண் போன்றவை இருந்தால் பிரிவு 10-இன்படி அதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். இது மிகவும் உதவியது என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் 8(1)(ஜே) மாற்றப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுநலனுக்காகத் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்த விலக்கு இப்போது இல்லை. பழைய மாதிரிக் கடிதங்களைப் பார்த்து அப்படியே எழுதினால் அடிபடும். ஆனால் பிரிவு 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது: தகவலை வெளியிடுவதிலுள்ள பொதுநலன் அதனால் வரும் பாதிப்பைவிடப் பெரிதென்றால் தரலாம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் விஷயத்தில் பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். நான் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தேதியை எழுதினேன்.

சட்டப்படி 30 நாளில், காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு 41ஆம் நாள் உத்தரவு வந்தது, நகல்களைக் கொடுக்கச் சொல்லி. மொத்தம் 38 பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 76 ரூபாய் கட்டினேன். கணக்கு எண்ணை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள், அது நியாயம்தான்.

முதல் மேல்முறையீடு என்ற இந்த வழிக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு கொடுக்கிறேன். குறைத்ததற்குக் காரணம், மேல்முறையீட்டு அலுவலருக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற அபராதம் தகவல் ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது. அங்கே இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் போக நமக்கு 90 நாள் கெடு உண்டு, ஆனால் ஆணையம் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடுவே கிடையாது. ஆகவே முதல் மேல்முறையீட்டிலேயே முழு உழைப்பையும் போடுங்கள்.

எம்-புக்கில் ஆழம் 90 செ.மீ. என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் டேப் வைத்து அளந்ததில் மூன்று இடத்தில் 65-ஐத் தாண்டவில்லை. போட்டோவோடு புகார் மனு போன வாரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.