எச்சரிக்கை: ரேடியேட்டர் வால்வு மாற்றியதாகப் பில் வந்தால் நட்டில் உள்ள பெயின்ட்டைப் பாருங்கள்

"புது டிஆர்வி, சிஸ்டம் வடித்து நிரப்பியது, கூலி: மொத்தம் 185 பவுண்." லண்டன் ஹரோவில் ரேடியேட்டர் வால்வு ஒழுகிய ஒரு வீட்டுக்குக் கொடுத்த பில்லில் இவ்வளவுதான் இருந்தது. டிஆர்வி என்பது அறைச் சூட்டுக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வு. வந்த பிளம்பர் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் கார்ப்பெட்டில் அதே இடத்தில் மறுபடி ஈரம். குனிந்து பார்த்தால், 1 முதல் 5 வரை எண் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தலை மட்டும்தான் புதிது. கீழே உள்ள பித்தளை உடல் பழையது. குழாயைப் பிடித்திருக்கும் நட்டின் மேல், எப்போதோ ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடிப்பலகைக்கு) அடித்தபோது பட்ட பெயின்ட் கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. ஸ்பானர் போட்ட நட்டில் பெயின்ட் தப்பாது.

அந்தத் தலைக்குள் ரேடியேட்டர் தண்ணீர் வரவே வராது. அதில் இருப்பது சூட்டில் விரியும் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சிறு குப்பி. அறை சூடானால் அது விரிந்து, கீழே வால்வின் நடுவில் நிற்கும் பின் என்ற சிறு குச்சியை அமுக்கி மூடும். தலையைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையால் திருகினாலே தலை கழன்றுவிடும், ஒரு சொட்டும் சிந்தாது. ஒழுகும் வால்வுக்குத் தலையை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகுகிறது என்று வாசல் கதவை மாற்றுவது போன்றது.

ஆள் வருவதற்கு முன்பே ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். எல்லா இணைப்புகளையும் துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் டொய்லெட் பேப்பரைச் சுற்றி, ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும், ஆகவே நனைந்ததில் மேலே உள்ளதுதான் மூலம். பச்சை பூத்த நட்டைக் கண்டால் அங்கே கொஞ்ச நாளாகவே கசிந்திருக்கலாம் என்று அர்த்தம்.

பின்னைச் சுற்றி நனைந்தால் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. சில வால்வுகளில் அந்த ஓ-ரிங்கை மட்டும் மாற்றலாம். பலவற்றில் முடியாது, உடலையே மாற்ற வேண்டும். எதிர்முனையில் மூடி போட்ட லொக்ஷீல்ட் வால்வில் தண்டைச் சுற்றிக் கசிந்தால் வேலை மிகச் சின்னது. மூடியைக் கழற்றி, தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று வரை இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு வால்வையும் மூடி, நட்டைக் கழற்றி மேலே ஏற்றி, பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைக் (PTFE) கயிறாகத் திரித்துத் தண்டைச் சுற்றி உள்ளே அமுக்கி மறுபடி இறுக்க வேண்டும். லொக்ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, திறக்கும்போது அதே அளவு திறக்கச் சொல்லுங்கள். முழுதாகத் திறந்துவிட்டால் தண்ணீரெல்லாம் அந்த ரேடியேட்டருக்கே ஓடும், தூர அறைகள் குளிரும்.

வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள நட்டில் கசிந்தாலும் முழு சிஸ்டத்தை வடிக்கத் தேவையில்லை, இரண்டு வால்வையும் மூடி அந்த ஒரு ரேடியேட்டரை வடித்தால் போதும். ஆனால் டிஆர்வி தலையை 0 அல்லது நட்சத்திரம் போன்ற பனிப்பூக் குறியில் வைத்துவிட்டு அதை நம்பிக் கழற்றக் கூடாது. அறை மிகவும் குளிர்ந்தால் அது தானாகத் திறக்கலாம். தலையை எடுத்துவிட்டு, பின்னை அமுக்கி மூடும் பிளாஸ்டிக் மூடியைத்தான் போட வேண்டும்.

உடலை மாற்றுவது வேறு கதை. கீழிருந்து வரும் 15 மி.மீ. குழாயை மூட அங்கே எதுவும் இல்லை. சிஸ்டத்தை அந்த மட்டம் வரையாவது வடிக்க வேண்டும், அல்லது குழாயை உறைய வைத்து உள்ளே ஐஸால் அடைக்க வேண்டும். உறைய வைத்திருந்தால் குழாயில் வெள்ளையாகப் பனி படிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வடித்திருந்தால் கொம்பி பொய்லரின் அழுத்த முள் பூச்சியத்துக்கு விழுந்து, பிறகு 1 முதல் 1.5 பார் (அழுத்த அளவு) வரை ஏறியிருக்கும், வாளியிலோ ஹோஸிலோ கறுப்புத் தண்ணீர் போயிருக்கும். இதில் எதுவுமே நடக்காமல் வால்வு மாறியிருக்கும் என்று நம்புவது கடினம்.

உண்மையாகவே மாற்றியும் ஒழுகுகிறதா? பெரும்பாலும் கெடுப்பது ஒலிவ் என்கிற சின்ன வளையம். பழைய ஒலிவ் குழாயில் பதிந்து இறுகியிருக்கும். அதை எடுக்கச் சோம்பல்பட்டு வேறு கம்பனி வால்வைப் பழைய நட்டு, பழைய ஒலிவோடு பூட்டுவார்கள். வாய் சரியாகப் பொருந்தாது. ஒலிவைச் சாய்வாகப் பாதி அறுத்து, குழாயில் கீறல் விழாமல் பிளந்து எடுத்து, புதிதைப் போட வேண்டும். கையால் இறுக்கியபின் ஸ்பானரால் ஏறக்குறைய ஒரு சுற்று போதும். அதற்கு மேல் மல்லுக்கட்டினால் ஒலிவ் நசுங்கும். வால்வு உடலை இன்னொரு ஸ்பானரால் பிடிக்காவிட்டால் குழாயே முறுகும். ரேடியேட்டருக்குள் போகும் திருகுத் துண்டான டெயிலையும் புது வால்வோடு வந்ததாக, 10 முதல் 15 சுற்று வெள்ளை டேப் போட்டு மாற்ற வேண்டும். பழைய டெயிலில் புது வால்வு, பழைய ஒலிவ் மாதிரியேதான் அழும்.

வடித்தால் துரு தடுக்கும் இன்ஹிபிட்டரும் போய்விடும். மறுபடி ஊற்றாமல் போவதுதான் அதிகம் நடக்கும் ஏமாற்று. 1 லிட்டர் போத்தல் சாதாரண வீட்டு சிஸ்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய 100 லிட்டருக்குப் போதும். வெற்றுப் போத்தலைக் கேட்டு வாங்குங்கள்.

"பவர் ஃபிளஷ் செய்யாவிட்டால் எல்லா வால்வும் போய்விடும்" என்று பிளம்பர் சொன்னால் அவசரப்பட வேண்டாம். பவர் ஃபிளஷ் என்பது இயந்திரம் வைத்து சிஸ்டத்தைக் கழுவுவது. ரேடியேட்டரின் அடிப்பகுதி குளிர்ந்தே கிடந்தால் சேறு பிரச்சினை இருக்கலாம். ஒழுகும் வால்வு அதற்கு அத்தாட்சி இல்லை. "நான் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோரின் பதிவேடு), அதனால் இந்த விலை" என்பதும் பொருந்தாது. வால்வு மாற்ற அந்தப் பதிவு கட்டாயமில்லை. கேஸ் வேலைக்குத்தான் அது வேண்டும். அதற்கும் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், எந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும்.

வாடகை வீடு என்றால் பில்லே உங்களுடையதல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. சொந்த வீடானால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். அப்படி இல்லையென்றால் காசு வாங்காமல் திரும்பச் செய்து தரக் கேட்கலாம், அதுவும் முடியாதென்றால் விலைக் குறைப்புக் கேட்கலாம். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், நட்டின் படத்தோடு. வேலையின் விலை 100 பவுணுக்கு மேல் இருந்து, கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் கார்ட் கம்பனியிடமும் போகலாம். கையில் காசாகக் கொடுத்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

போனில் விலை கேட்கும்போதே, "தலையா, உடலா, ஒலிவும் டெயிலும் புதிதா, இன்ஹிபிட்டர் சேர்த்தா?" என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய வால்வை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும் சொல்லுங்கள்.